எடுத்த கரையைத் திருப்பிக் கொடுத்த கட்டடம்: வான்கூவர் மாநாட்டு மையம், ஒரு நிகழ்வு ஆய்வு

மாநாட்டு மையம் என்பது, மேல்பூச்சையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால், ஒரு பெரிய பெட்டி. கண்காட்சிக் கூடத்துக்கு ஜன்னல் வேண்டாம். நடுவில் தூண் இடிக்கக் கூடாது. லாரி நேராக உள்ளே வந்து சரக்கை இறக்க வேண்டும். விளக்கும் ஏசியும் முழுக்கக் கைக்குள் இருக்க வேண்டும். கூடத்தை வாடகைக்கு எடுப்பவர்கள் கேட்பது இவ்வளவுதான். கேட்டதை அப்படியே கட்டிக் கொடுத்தால், நகரத்தின் நடுவே நாலைந்து தெருவை விழுங்கிய ஒரு கிடங்கு எழும்பிவிடும். மாநாடு நடக்கிற நாளில் உள்ளே திருவிழா, வெளியே வெறும் சுவர். நடக்காத நாளில் இரண்டு பக்கமும் வெறிச்சோடிக் கிடக்கும். ஊருக்கு முதுகைக் காட்டி நிற்கிற இப்படிப்பட்ட கட்டடங்கள் உலகத்தின் பல பெருநகரங்களில் இருக்கின்றன.

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவரில், 2009 ஏப்ரலில் திறக்கப்பட்ட மாநாட்டு மையத்தின் மேற்குக் கட்டடம் இந்தப் பெட்டியை வேறு விதமாகக் கையாண்டது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கூரையில் வளரும் புல்லைச் சொல்லி, ‘பசுமைக் கட்டடம்’ என்று முடித்துக்கொள்வார்கள். அந்தப் பெயர் இன்று எல்லோருக்கும் கிடைக்கிறது. இந்தக் கட்டடத்தில் என்னை நின்று பார்க்க வைத்தது வேறொன்று. அது கட்டப்பட்ட இடத்தில் கரை, தண்ணீர், மலைக்காட்சி, நடைபாதை என்று ஏற்கெனவே பலருக்குச் சொந்தமானவை இருந்தன. ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டபோது, பதிலுக்கு எதையாவது கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தது. அந்தக் கொடுக்கல் வாங்கல்தான் அதன் வடிவம். கட்டடக் கலைஞரின் கற்பனை அதற்குப் பிறகுதான் வருகிறது.

இடம்

கதை பக்கத்துக் கட்டடத்தில் தொடங்குகிறது. ரயில்வே நிறுவனத்தின் பழைய கப்பல் துறை ஒன்று இருந்த இடத்தில், எக்ஸ்போ 86 உலகக் கண்காட்சிக்கான கனடா அரங்கமாகக் கட்டப்பட்டது ‘கனடா பிளேஸ்’. ஐந்து வெள்ளைப் பாய்களை விரித்த கப்பல் போலத் துறைமுகத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கட்டடம், இன்றைக்கும் வான்கூவரின் அஞ்சலட்டை முகம். கண்காட்சி முடிந்த பிறகு 1987 முதல் அதுவே நகரத்தின் மாநாட்டு மையமாயிற்று. அழகுக்குக் குறைவில்லை, ஆனால் பெரிய மாநாடுகளுக்கு இடம் போதவில்லை.

விரிவாக்க இடம் இருந்தது மேற்குப் பக்கத்தில் மட்டும். அதுவும் முழு நிலம் இல்லை. ஏறக்குறைய 14 ஏக்கர் தரை, 8 ஏக்கர் கடல். கடல் மேல் நிற்கும் பகுதிக்கு நூற்றுக்கணக்கில் எஃகுத் தூண்களை அடித்தட்டு வரை இறக்கியாக வேண்டும், அதுவும் நிலநடுக்க அபாயம் உள்ள மண்டலத்தில். வடக்கே நிலத்துக்குள் நீண்டு வரும் பரார்ட் கடற்கழியும் அதற்கப்பால் பனி மூடிய மலைகளும். தெற்கே வணிக மையத்தின் உயரமான கோபுரங்கள். தெருக்களிலிருந்து மலை தெரியும் கோடுகளைக் காப்பதற்கென்றே வான்கூவர் 1989இல் விதிமுறை வகுத்த நகரம். அங்கே கடலோரத்தில் ஒரு பெரிய சுவரை நிறுத்தினால் ஊர் பொறுத்துக்கொள்ளாது. மேற்கே ஸ்டான்லி பூங்காவிலிருந்து கடலை ஒட்டியே வரும் நடைபாதை இந்த இடத்தில் அறுந்து கிடந்தது. புதிய கட்டடம் அதையும் இணைக்க வேண்டும்.

சியாட்டில் நகரத்து எல்எம்என் கட்டடக்கலை நிறுவனம், வான்கூவரின் எம்சிஎம், டிஏ ஆகிய இரண்டு நிறுவனங்களோடு சேர்ந்து வடிவமைத்தது. அவர்கள் கையில் இருந்தது சுமார் 12 லட்சம் சதுர அடி கட்டடத்துக்கான தேவைப் பட்டியல். நகரம் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்த உயரமோ கொஞ்சம்.

பெட்டியை எங்கே ஒளிப்பது

மிகப் பெரிய பெட்டியான கண்காட்சிக் கூடத்தை, 2,23,000 சதுர அடி, அடித்தளத்துக்கு இறக்கிவிட்டார்கள். நகரத்துத் தெரு மட்டம் கடல் மட்டத்தைவிட உயரமாக இருப்பதால் இது சாத்தியமாயிற்று. தெருவிலிருந்து பார்ப்பவருக்கு அந்தக் கூடம் இருப்பதே தெரியாது. வெளிச்சம் தேவைப்படாத அறை கீழே போனதால், வெளிச்சம் வேண்டியவர்களுக்கு, அதாவது மனிதர்களுக்கு, மேல்தளம் கிடைத்தது. 53,000 சதுர அடி பெருமன்றமும் கூட்ட அறைகளும் நடுவே அடுக்கப்பட்டன. அவற்றைச் சுற்றிக் கண்ணாடிச் சுவரோரமாக நடைக்கூடம் ஓடுகிறது. ஒரு அமர்வு முடிந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறவர் நேராகக் கடலைப் பார்க்கிறார். மிதவை விமானம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்புவதையும், எதிர்க்கரை மலைமேல் மேகம் இறங்குவதையும் பார்க்கிறார்.

இதைச் சாதாரண விஷயமாக நினைத்துவிடக் கூடாது. மாநாட்டில் கலந்துகொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். எந்த நகரத்துக்குப் போனோம் என்பதே தெரியாமல், காலையில் உள்ளே போய் இரவில் வெளியே வந்த அனுபவத்தைப் பலர் சொல்வார்கள். குழல் விளக்கும் கம்பளத் தரையும் எந்த ஊரிலும் ஒன்றுதான். நடைக்கூடத்தை வெளிவிளிம்புக்குத் தள்ளிய அந்த ஒரு முடிவு, ஊரைக் கட்டடத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. இரவில் இதுவே திரும்புகிறது. விளக்கெரியும் நடைக்கூடத்தில் ஆட்கள் நடமாடுவது நடைபாதையில் போகிறவர்களுக்குத் தெரிகிறது.

உட்சுவரை நெருங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் மரத் தொழிலால் வளர்ந்தது. அங்கே விளைந்த ஹெம்லாக் மரத் துண்டுகளை, மரவாடியில் பலகை அடுக்கியிருப்பதைப் போலவே, சுவர் முழுக்கப் பதித்திருக்கிறார்கள். ஒரு துண்டு சற்று முன்னே துருத்தி நிற்கும், அடுத்தது உள்ளே அமுங்கியிருக்கும். ஒவ்வொன்றின் நிறமும் ரேகையும் வேறு. மேலே டக்ளஸ் ஃபிர் மரத்தின் பட்டிகள் விட்டமாக ஓடுகின்றன. பளபளவென்று மெருகேற்றிய அலங்காரச் சுவராக இல்லாமல், கையால் தொட்டுப் பார்க்கத் தோன்றும் சுவராக இருக்கிறது. அந்த மாகாணத்தின் தொழிலையே சுவராக எழுப்பியது போல.

பெட்டி என்றால் வெறும் பெட்டியாக இருப்பதிலும் ஒரு பலன் உண்டு. 2014இல் உரைகளுக்குப் பெயர்பெற்ற டெட் (TED) மாநாடு வான்கூவருக்கு வந்தபோது, இந்தப் பெருமன்றத்துக்குள்ளேயே 1,200 பேர் உட்காரக்கூடிய ஒரு முழு அரங்கத்தை மரத்தால் நிறுத்தினார்கள். டேவிட் ராக்வெல் வடிவமைத்த அந்த அரங்கம் பிரித்துப் பூட்டக்கூடியது. சில நாட்களில் எழுந்து, மாநாடு முடிந்ததும் கழன்று போய்விடும். கூடத்துக்குள் ஒரு கட்டடத்தையே கட்டிப் பிரிக்க முடிகிறது என்றால், அந்தக் கூடத்தின் தரை தாங்கும் பளு, கூரை உயரம், சரக்கு வரும் வழி எல்லாம் சரியாக அமைந்திருக்கிறது என்று பொருள்.

கூரை

6 ஏக்கர். ஏறக்குறைய 2.4 ஹெக்டேர். கனடாவின் மிகப் பெரிய உயிர்க்கூரை. அந்தப் பசிபிக் கரைப் பிரதேசத்துக்கே உரிய புல்லும் செடியுமாக 4 லட்சத்துக்கு மேல் நட்டிருக்கிறார்கள். மட்டமான மொட்டை மாடியில் தொட்டி வைத்த தோட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். காகிதத்தை மடித்து வைத்ததைப் போலக் கூரை பல திசைகளில் சரிகிறது. கடலோரம் தாழ்ந்தும் உள்ளே ஏறியும் போகும் அந்த மடிப்புகள், பக்கத்துக் கோபுரங்களின் மேல்மாடியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு புல்மேடாகத் தெரிகின்றன. உயரம் குறைக்க வேண்டிய கட்டாயமும், சுற்றியுள்ளவர்களின் பார்வையில் தார் பூசிய கூரையும் ஏசிக் குழாய்களும் படாமல் காக்க வேண்டிய தேவையும் இந்த ஒரே வடிவத்தில் தீர்ந்துவிட்டன.

இதன் மேல் மக்களை அனுமதிப்பதில்லை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. இவ்வளவு பெரிய புல்வெளியை ஊர் நடுவே வைத்துவிட்டுக் கால் வைக்கவிடாமல் செய்வானேன் என்று கேட்கிறார்கள். எனக்கு இந்த முடிவு சரியென்றே படுகிறது. அந்தக் கூரையில் மண் ஒரு சாண் ஆழம்கூடக் கிடையாது. சரிவில் நின்று பிடிக்கும் மெல்லிய மண். ஆள் நடந்தால் இரண்டு பருவத்தில் பொட்டலாகிவிடும். பூங்காவாக்கினால் அது பறவைக்கும் பூச்சிக்குமான இடமாக இருக்க முடியாது. ஸ்டான்லி பூங்காவின் காட்டுக்கும் இந்தக் கடலோரத்துக்கும் நடுவே ஒரு திட்டு வேண்டும் என்பதுதான் வடிவமைத்தவர்களின் நோக்கம். அந்த நோக்கத்துக்கு உண்மையாக இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு தடவை புல்லை வெட்டுகிறார்கள். வெட்டியதை அள்ளாமல் அங்கேயே மட்கவிடுகிறார்கள். நான்கு தேனீப் பெட்டிகள் இருக்கின்றன. அந்தத் தேன் கீழே மையத்தின் சமையல்கூடத்துக்குப் போகிறது.

வெயில் காலத்தில் கூரை வழியாக உள்ளே இறங்கும் வெப்பத்தை 95 சதவீதம் வரையும், குளிர்காலத்தில் வெளியே கசியும் வெப்பத்தை 26 சதவீதம் வரையும் இந்த மண்ணும் செடியும் குறைப்பதாக மையம் கணக்குச் சொல்கிறது. இரண்டு எண்ணுக்கும் இடையே இவ்வளவு தூரம் ஏன் என்று தோன்றலாம். வெயிலில் செடி நிழலாக நின்று, இலை வழியே நீரை ஆவியாக்கித் தானும் குளிர்கிறது. மழைக்காலத்தில் ஊறிப்போன மண் அவ்வளவு நல்ல போர்வை ஆகாது.

தண்ணீர் சுற்றும் வழி

கட்டடத்தைக் குளிர்விக்கவும் சூடாக்கவும் பக்கத்துக் கடலையே பயன்படுத்துகிறார்கள். கடல்நீரின் வெப்பநிலை காற்றைப் போல அடிக்கடி ஏறி இறங்காது. கோடையில் கட்டடத்தின் சூட்டைக் கடலுக்குத் தள்ளவும், குளிரில் கடலின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளவும் வெப்பப் பம்புகள் இருக்கின்றன.

கழிப்பறைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டடத்துக்குள்ளேயே இயங்குகிறது. சுத்தமான நீர் மறுபடி கழிப்பறைக்குப் போகிறது. மழை இல்லாத மாதங்களில் கூரைச் செடிக்கு ஏறுகிறது. குடிநீர்ப் பயன்பாடு 70 சதவீதத்துக்கு மேல் குறையும் என்பது வடிவமைப்பின் கணக்கு. வான்கூவர் மழைக்குப் பெயர்போன ஊர்தான். ஆனால் அந்த மழை இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் கொட்டிவிட்டு, செடிக்குத் தேவைப்படும் கோடையில் ஏமாற்றிவிடும். அதனால்தான் இந்தச் சுற்று.

காகிதத்தில் எளிதாகத் தெரியும் இதில் ஒரு சிக்கல் மறைந்திருக்கிறது. கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக்குவது நுண்ணுயிர்கள். அவற்றுக்குத் தினமும் இரை வேண்டும். வீட்டுக் குடியிருப்பிலோ அலுவலகத்திலோ வரத்து ஏறக்குறைய சீராக இருக்கும். மாநாட்டு மையத்திலோ இன்றைக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள், நாளைக்குக் காவலாளிகள் மட்டும். வெள்ளமும் பட்டினியும் மாறி மாறி வரும் இடத்தில் அந்த உயிர்களைச் சாகவிடாமல் வைத்திருப்பது, பொறியியலைவிட மாட்டுத் தொழுவத்தைப் பராமரிப்பதற்கு நெருக்கமான வேலை. இப்படிப்பட்ட கட்டடத்தைத் திறப்பு விழாப் படங்களை வைத்து எடைபோடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். பசுமைக் கட்டடங்களுக்குத் தரும் லீட் சான்றின் உச்சத் தரமான பிளாட்டினம், மேற்குக் கட்டடத்துக்கு 2010இல் கிடைத்தது. உலகத்திலேயே ஒரு மாநாட்டு மையத்துக்கு அதுவே முதல் தடவை. 2017இல் இரண்டாம் முறையும் அதே தரத்தில் சான்று பெற்றது. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

பணம்

2003இல் சொன்ன மதிப்பீடு 49.5 கோடி கனடிய டாலர். முடிந்தபோது 88.3 கோடி. இதைச் சொல்லாமல் இந்தக் கட்டடத்தைப் புகழ்வது நியாயமாகாது.

ஆழம் தெரியாமல் காலை விடுவது என்று நாம் சொல்வது இங்கே எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது. வடிவமைப்பு முதிர்வதற்கு முன்பே தொகை அறிவிக்கப்பட்டது. கடலுக்குள் தூண் இறக்கும் வேலை, நிலநடுக்கத்துக்கான பலப்படுத்தல், கீழே போகும் சாலை என்று கட்டுமானத்தின் ஒவ்வொரு பகுதியும் சிக்கலானது. அதே ஆண்டுகளில் மாகாணம் முழுவதும் கட்டுமானம் கொடிகட்டிப் பறந்ததால் எஃகும் கான்கிரீட்டும் கூலியும் ஏறின. இத்தனைக்கும் மேலே, 2010 குளிர்கால ஒலிம்பிக்குக்கு உலக ஊடகங்களின் மையமாக இந்த இடம் தீர்மானிக்கப்பட்டிருந்தது. ஒலிம்பிக் தேதியை யாருக்காகவும் தள்ளிவைக்க மாட்டார்கள். காத்திருந்து விலை பேசும் வசதி கட்டுகிறவர்களுக்கு இல்லாமல் போயிற்று. மத்திய அரசின் பங்குக்கு வரம்பு இருந்தது. ஏறிய பாரத்தை மாகாணம் சுமந்தது. 2007 அக்டோபரில் மாகாணத்தின் தலைமைத் தணிக்கையாளர் இந்தத் திட்டத்தின் நிர்வாகத்தையும் இடர்களைக் கையாண்ட விதத்தையும் ஆராய்ந்து தனி அறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது.

கரைக்கும் மலைக்கும் புல்லுக்கும் இவ்வளவு கவனமாகக் கணக்குத் தீர்த்த திட்டம், வரி கட்டுகிறவரிடம் மட்டும் கடனாளியாக நின்றது. நல்ல வடிவமைப்பால்தான் செலவு ஏறியது என்று சொல்வாரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. புல்லை எடுத்துவிட்டுத் தகரக் கூரை போட்டிருந்தாலும் தூண்கள் கடலுக்குள்தான் இறங்கியிருக்கும், தேதி அதே தேதியாகத்தான் இருந்திருக்கும்.

ஒலிம்பிக்கின்போது இன்னொன்றும் நடந்தது. கட்டடத்தின் மேற்கே, ஜாக் பூல் பெயரிலான சதுக்கத்தில், ஒலிம்பிக் தீபம் எரிந்தது. ஒலிம்பிக்கை நகரத்துக்குக் கொண்டுவர உழைத்த அவர், அது தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 2009 அக்டோபரில் இறந்துபோனார். தீபத்தைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு முன்னால் நின்றது பாதுகாப்புக்காகப் போட்ட கம்பி வலை. மக்கள் கோபப்பட்டார்கள். பிறகு வேலியை நெருக்கமாக நகர்த்தி, ஊடுருவிப் பார்க்கும்படி மாற்றினார்கள். சதுக்கம் தங்களுடையது என்று ஊர் அதற்குள் முடிவு செய்துவிட்டிருந்தது. இன்றைக்கு அங்கே டக்ளஸ் கூப்லண்ட் செய்த ‘டிஜிட்டல் ஓர்கா’ சிற்பம் தண்ணீரிலிருந்து துள்ளும் திமிங்கலமாக, கறுப்பு வெள்ளைக் கட்டங்களால், நிற்கிறது. நடைபாதையும் சைக்கிள் பாதையும் கட்டடத்தைச் சுற்றிக் கடலோரமாக ஓடி, அறுந்திருந்த இணைப்பைச் சேர்த்துவிட்டன. மாநாட்டு அட்டை கழுத்தில் தொங்காதவர்களும் தினமும் நடக்கும் பாதை அது. 2021இல் கோவிட் தடுப்பூசிக்கு நகரம் வரிசையில் நின்றதும் இந்த மையத்தில்தான்.

தண்ணீருக்கு அடியில்

செலவான பணத்தில், மாநாட்டுக்கு வருகிறவர் யாரும் கவனிக்காத ஒரு பகுதி இருக்கிறது. எனக்கு இந்தக் கட்டடத்தில் ஆகப் பிடித்தது அதுதான்.

கடலுக்கு மேல் தளம் போட்டால் கீழே நிழல் விழும். நிழலில் கடற்பாசி வளராது. பாசி இல்லாத இடத்தில் அதைத் தின்னும் சிற்றுயிர் இல்லை, சிற்றுயிரைத் தின்னும் மீன்குஞ்சும் இல்லை. இளம் சால்மன்கள் ஆற்றிலிருந்து கடலுக்கு வந்த புதிதில் ஆழத்துக்குப் போவதில்லை. கரையை ஒட்டிய ஆழமில்லாத தண்ணீரிலேயே ஒதுங்கி ஒதுங்கித்தான் நகரும். செங்குத்தான கான்கிரீட் சுவர் வந்துவிட்டால் அவற்றுக்கு ஒதுங்க இடமில்லை. கனடாவின் மீன்வளத் துறைக்கு அப்போது, 1986இல் வகுத்த ஒரு கொள்கை இருந்தது: மீன் வாழிடத்தை எடுத்தால், நிகர இழப்பு வராதபடி வேறு வாழிடத்தை உண்டாக்கிக் கொடுக்க வேண்டும்.

கட்டடத்தின் கடல்பக்க விளிம்பில் பாவாடை மடிப்பு போல ஐந்து படிகளாகக் கான்கிரீட் மேடைகளை இறக்கினார்கள். வெளிச்சம் படும் விளிம்பில். வான்கூவரில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையே சில நாட்களில் 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கும். அந்த உயரம் முழுக்கப் படிகள் பரவியிருப்பதால், ஏற்றம் எந்த மட்டத்தில் நின்றாலும் ஏதாவது ஒரு படி ஆழமில்லாத கரையாக வேலை செய்கிறது. கட்டடத்துக்கு அடியில் ஓதம் வந்து போகும் தரையிலும் ஓடைகள் வெட்டி, தண்ணீர் நிற்க வழி செய்தார்கள். 200 அடி கரையும் 1,500 அடி கடல் வாழிடமும் இப்படித் திரும்பி வந்தன.

வற்றம் நன்றாக இறங்கிய வேளையில் நடைபாதையின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு குனிந்தால் படிகள் தெரியும். மேல்படியில் கொட்டலசு என்ற ஓட்டுயிர் வெள்ளைப் புள்ளிகளாக ஒட்டியிருக்கும். அதற்குக் கீழே சிப்பிகள் கறுப்பு நீலத்தில் நெருக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அடுத்து வழவழப்பான பாசி. இன்னும் கீழே, ஈரம் காயாத படியில், ஊதா நிற நட்சத்திர மீன் ஐந்து கையையும் விரித்துக் கான்கிரீட்டோடு ஒட்டிக் கிடக்கும். எந்த உயிர் எந்தப் படியில் இருக்க வேண்டும் என்று எவரும் வரைந்து கொடுக்கவில்லை. எத்தனை மணி நேரம் வெயிலைத் தாங்க முடியும் என்பதைப் பார்த்து அவையே பிரித்துக்கொண்டன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காபிக் கோப்பையோடு நிற்கிறவர்களின் காலுக்குக் கீழே, இந்தப் பக்கம், தண்ணீர் மறுபடி ஏறிக்கொண்டிருக்கும்.